சாவிப் பதிவேடு

மின்னணு ஆய்வுகூடம், அறை பதினொன்று.
சாவி என்னிடம்தான்.
எடுத்த நேரம், தந்த நேரம், காரணம்,
கையெழுத்து.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை
மூன்றாம் வருடம் கஜந்தினி வந்து எழுதினாள்:
"இரைச்சல் அளவீடு. ஆறு பேர்."
நிலாவெளி வீதியில் கடைசி பஸ் ஏழரைக்கு,
அதற்குள் முடி என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வெள்ளியும் அதே காரணம். அதற்கடுத்ததும்.
அந்த அறையில் இரைச்சல் இருக்கத்தான் செய்தது:
மின்விசிறி, கடல், உப்புப் பிடித்த இணைப்புகள்.

ஐந்தாம் கிழமை
மறந்த குடைக்குத் திரும்பிப் போனவன்
கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன்.

அலைகாட்டியின் பச்சைக் கோடு
யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
மேசையில் பிளேன்ரீ, மாலுபணிஸ்.
லக்ஷித உடைந்த தமிழில் சொன்னான்:
அம்பாறையில் அம்மா பெண் பார்க்கிறா,
படம் படமாய் வட்சப்பில் வருது,
"நான் எல்லாத்துக்கும் 'நல்லம்' போடுறன்."
சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.
கிண்ணியாப் பாலத்தில் ஒருத்தியின் கையை
மச்சானின் ஓட்டோவைக் கண்டு விட்டதை
றிஸ்லா கணக்காய்ச் சொன்னாள்:
பாலம் கிட்டத்தட்ட நானூறு மீட்டர்,
கை பிடித்திருந்தது முப்பது.
பிரணவரூபன் என்று கிழமைக்கு மூன்று முறை
நான் வரவு கூப்பிடும் பிள்ளைக்கு
அங்கே மதுவந்தி என்று பெயர்.
கூப்பிட்டதும் அவள் திரும்பிய வேகம்
என் வகுப்பில் ஒருநாளும் கண்டதில்லை.

குடையை எடுக்காமல்
உவர்மலை வரை நனைந்தபடி போனேன்.

நாற்பத்தொன்பது வயது.
என் கல்யாணப் பேச்சு ஓய்வறையில் ஓய்ந்து பத்து வருடம்.
இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரிப்பதில் ஆய்வுப் பட்டம்.
மஸ்கெலியாவில் கணக்குப் படிப்பித்த ஒருவனுக்கு
எழுதி அனுப்பாத கடிதங்கள்
பழைய குறைகடத்திப் புத்தகத்துக்குள்.
சட்டத்தின் பிரிவு இலக்கம் மனப்பாடம்:
முந்நூற்று அறுபத்தைந்து.
வருடத்தில் ஒரு நாளையும் அது மிச்சம் வைக்கவில்லை.

ஆறாம் கிழமை தட்டினேன்.
எல்லா முகமும் சட்டென்று அலைகாட்டிக்குத் திரும்பின.
மதுவந்தி எதையோ அளப்பவளாய் ஒரு குமிழைத் திருகினாள்.
"குடை," என்றேன்.
"அண்டைக்கே எடுத்து வைச்சிட்டம் சேர்."
வாங்கிக்கொண்டேன். போகவில்லை.
"நானும்," என்றேன்.
முப்பது வருடம். ஒரு சொல்தான் வந்தது.
யாரும் கைதட்டவில்லை.
றிஸ்லா ஒரு கதிரையைத் தள்ளிவிட்டாள்,
கால் ஆடும் கதிரை,
திருத்தக் கொடுக்காமல் நான் இழுத்தடித்தது.

தையில் கன்னியாவுக்குப் போனோம்,
ஏழு கிணற்றிலும் வெப்பமானி இறக்க.
அருகருகே இருந்தும் ஒவ்வொன்றும் வேறு சூடு.
"உவமை சொல்லப் போறியள், முகத்திலயே தெரியுது,"
என்றாள் கஜந்தினி.
"வேண்டாம் சேர். வழுவை எழுதுங்கோ.
சக சய அரைப் பாகை."
எழுதினேன்.
லக்ஷித வாளியைத் தலையில் கவிழ்த்துச் சிங்களத்தில் கத்த,
குளிக்க வந்த சனம் திரும்பிப் பார்த்தது.
ஒரு நிமிடம் எங்கள் எல்லோருக்கும் வயிறு கலங்கியது.
சுடுகிறது என்றுதான் கத்தியிருக்கிறான்.

மாசியில் ஒருவன் வராமல் விட்டான். தகவல் இல்லை.
அவன் கோப்பையை இன்னும் கழுவி வைக்கிறோம்.
இரசாயனவியலில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள்.
ஒன்று, பத்து வருடமாய்க் காலை வணக்கம் மட்டும்
சொல்லிப் பழகிய சுபாஷிணி மிஸ்.
சொந்தக் கதிரையோடு வந்தா.

நேற்றுத் துறைத்தலைவர் பதிவேட்டைப் புரட்டினார்.
"இருபத்திரண்டு கிழமையா இரைச்சல் அளவீடோ?
முடிவு என்ன வந்தது?"
"இன்னும் குறையேல்லை சேர்."
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
தெரிந்துதான் பார்த்தாரோ, எனக்குத் தெரியாது.
பக்கத்தின் அடியில் ஒப்பமிட்டு,
"வெள்ளிக்கிழமையில ஏசி போடாதேங்கோ, கரண்ட் பில் ஏறுது,"
என்றார்.

போடுவதில்லை சேர்.
இப்போது ஜன்னலைத் திறந்துதான் வைக்கிறோம்.